கப்பலில் அத்திலாந்திக்கைக் கடக்க: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஜூன் மாதம் நானும் மனைவியும் ‘குயீன் மேரி 2’ கப்பலில் ஏறி, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயோர்க்குக்கு ஏழு இரவுகளில் போய்ச் சேர்ந்தோம். அந்த ஏழு இரவுக்காக ஒன்பது மாதம் அலைந்தோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர்கள் எல்லோரும் விமானத்தில் போய் வருகிறவர்கள். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இந்தக் கப்பலில் போன ஒருவரைக் கோண்டாவில் முழுக்கத் தேடியும் எங்களால் காண முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் பணமும் நாளும் வீணாகின. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கும் தம்பதிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பயணத்தைத் தெரிவு செய்தல்

நாளுக்கொரு துறைமுகத்தில் நின்று ஊர் சுற்றிக் காட்டும் உல்லாசக் கப்பல் பயணம் வேறு, ஒரு கரையில் ஏறி மறுகரையில் இறங்கும் இந்தப் பயணம் வேறு. இடையில் எங்கும் நிற்காது. ஏழு நாளும் கடல்தான். அது சலிக்கும் என்று நினைப்பவர்கள் இதற்குப் போக வேண்டாம்.

பயண அட்டவணையை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். இதே கப்பல் சில தடவைகளில் ஜேர்மனியின் ஹம்பேர்க்கிலிருந்து புறப்படும். சில தடவைகளில் கனடாவின் ஹலிஃபக்ஸில் நிற்கும். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை. நமக்கோ ஹம்பேர்க் என்றால் ஷெங்கன் வீசா, ஹலிஃபக்ஸ் என்றால் கனடா வீசா என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். சவுத்தாம்ப்டன், நியூயோர்க் என்ற இரண்டு பெயர் மட்டும் உள்ள பயணத்தை எடுங்கள். இரண்டு வீசாவோடு முடிந்துவிடும்.

மேற்கு நோக்கிப் போவதா, கிழக்கு நோக்கி வருவதா என்பது அடுத்த கேள்வி. மேற்கு நோக்கித்தான் போக வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் ஐந்து மணித்தியால வேறுபாடு இருக்கிறது. மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். அந்த நாள்களுக்கு 25 மணித்தியாலம். கிழக்கே வரும்போது அதே ஐந்து மணித்தியாலத்தைப் பறிகொடுக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய உடம்புக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

மாதம், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. குளிர்காலத்து அத்திலாந்திக் முரடானது. நாங்கள் ஜூனில் போனோம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

2. கடவுச்சீட்டும் பெயரும்

எங்களுக்கு ஆறு வாரத்தைத் தின்ற சிக்கல் இதுதான். நிதானமாக வாசியுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னே, நம் பெயர் பின்னே. என் மனைவியின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பனாரின் பெயர்தான் இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. இலண்டனில் இருக்கும் மூத்த மகள் டிக்கெட் பதிவு செய்தபோது, அந்த நாட்டு வழக்கப்படி அம்மாவுக்கு என் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டாள். என் பதிவில் என் சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறியிருந்தன. வீசா விண்ணப்பத்தில் ஒரு பெயர், டிக்கெட்டில் இன்னொரு பெயர், காப்புறுதியில் மூன்றாவது பெயர். பதிவு செய்த முகவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் அறவிட்டார்.

ஆகவே கடவுச்சீட்டின் படப் பக்கத்தைத் தெளிவாகப் படம் பிடித்து, பதிவு செய்யும் பிள்ளைக்கு அனுப்புங்கள். அதில் எது குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறதோ அதுதான் எங்கும் குடும்பப் பெயர். எழுத்துக்கு எழுத்து அப்படியே. வீட்டில் அழைக்கும் பெயரைத் தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்யவே வேண்டாம்.

பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, காணி உறுதி இவை தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலப்படுத்துங்கள். அப்போதும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அவரிடம் எழுதிக் கொடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். வீசா அலுவலகத்துக்கு அந்த நாலும் நாலு ஆள்.

கடவுச்சீட்டு காலாவதியாக, பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும். நாங்கள் புதுப்பிக்க வவுனியாவுக்குப் போனோம். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அலுவலகத்தைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பயணம் உங்களுக்கு மிச்சம்.

3. அமெரிக்க வீசா முதலில்

அமெரிக்க வீசா கையில் இல்லாமல் சவுத்தாம்ப்டனில் கப்பலில் ஏற விடமாட்டார்கள். இறங்கும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேர்முகத்துக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

இணையத்தில் டி.எஸ்.-160 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். வருகையாளருக்கான பி1/பி2 வீசாக் கட்டணம் ஒருவருக்கு 185 டொலர். மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். ஐந்து சென்ரிமீற்றர் சதுரப் படம் வேண்டும். வழக்கமான கடவுச்சீட்டுப் படத்தின் அளவு வேறு என்பதால், படப்பிடிப்பு நிலையத்தில் அமெரிக்க வீசாவுக்கென்று சொல்லியே எடுங்கள்.

நேர்முகம் கொழும்பு காலி வீதியில் உள்ள தூதரகத்தில். இரவு பஸ்ஸில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வரிசையில் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் தங்குங்கள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. அறையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

எங்களிடம் அதிகாரி கேட்டது மூன்று கேள்வி. எதற்காகப் போகிறீர்கள், யார் செலவு செய்கிறார்கள், ஏன் கப்பலில். மூன்றாவது கேள்விக்குத்தான் நான் தயாராக இருக்கவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்: முப்பத்தொரு ஆண்டு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன், கரும்பலகையில் வரைந்து காட்டிய சமுத்திரத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். நீங்களும் உங்கள் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். முகவர்கள் சொல்லித் தரும் பாடம் வேண்டாம். ஆனால் திரும்பி வருவதற்கான காரணங்கள், அதாவது ஓய்வூதியச் சான்று, வீட்டு உறுதி, இங்கே இருக்கும் பிள்ளை, கேட்ட உடனே காட்டும்படி ஒழுங்காகக் கோவையில் இருக்கட்டும்.

இன்னொன்று. உங்களோடு வரப்போகும் மகனோ மகளோ பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் ‘ஈஸ்டா’ என்ற இணைய அனுமதி போதும். 2025 செப்டெம்பர் 30 அன்று அதன் கட்டணம் 40 டொலர் ஆனது. பிரித்தானியாவில் நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ள, இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருக்கும் பிள்ளைக்கு அது செல்லாது. அவருக்கும் முழு வீசா வேண்டும். இலண்டனில் இருபது வருடம் இருந்தவர்களே இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

4. டிக்கெட்டும் பிரித்தானிய வீசாவும்: தொண்ணூறு நாள் முடிச்சு

அமெரிக்க வீசா கிடைத்ததும் டிக்கெட்டைப் பதிவு செய்யுங்கள், ஆனால் முற்பணம் மட்டும் கட்டுங்கள். மீதியைப் பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்னதாகக் கட்டச் சொல்வார்கள். பிரித்தானிய வருகை வீசாவுக்கோ பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்கவே முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டுகின்றன. பிரித்தானிய வீசா வருமா வராதா என்று தெரியாத நிலையில் முழுப் பணமும் கட்ட வேண்டிவரும். வீசா மறுக்கப்பட்டால் பயணக் காப்புறுதி பெரும்பாலும் கை கொடுக்காது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. வீசாவுக்கான மூன்று மாதத்தை, கப்பல் புறப்படும் நாளிலிருந்து எண்ணாமல், நீங்கள் இலண்டனில் இறங்கும் நாளிலிருந்து எண்ணுங்கள். கப்பலுக்கு ஒரு மாதம் முன்னதாகப் பிள்ளை வீட்டுக்குப் போய் நிற்பதாகத் திட்டமிட்டால், விண்ணப்பிக்கும் நாளும் அந்த ஒரு மாதம் முன்னே வரும். முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம். மீதிப் பணம் கட்டும் நாளுக்கு முன் அது தெரிந்துவிடும். நாங்கள் இதை அறியாமல், நெஞ்சு படபடக்க முதலில் பணத்தைக் கட்டினோம், பிறகுதான் வீசா வந்தது.

ஆறு மாத வருகை வீசாவுக்கு நாங்கள் கட்டியது 115 பவுண். 2025 ஏப்ரலில் அது 127 ஆனது. கட்டணங்கள் ஏப்ரலை ஒட்டி ஏறுவது வழக்கம் என்பதால் கட்டும் முன் அரசாங்க இணையத்தளத்தில் பாருங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்ணப்பிக்கும் மாதம் பார்த்துப் பிள்ளைகளிடம் பெருந்தொகை வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். ஆறு மாதக் கணக்கறிக்கையில் ஐந்து மாதம் சில ஆயிரமும் ஆறாவது மாதம் இருபது இலட்சமும் இருந்தால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் வரும். பிள்ளை செலவு செய்கிறார் என்றால் அதையே சொல்லுங்கள். அவருடைய கடிதம், சம்பளச் சான்று, கணக்கறிக்கை, வதிவிடச் சான்று இவற்றை இணையுங்கள். உங்கள் கணக்கு உள்ளபடி இருக்கட்டும்.

அறை விடயம். சாளரம் இல்லாத உள்ளறைதான் மலிவு. நாங்கள் எடுத்தது அதுதான். ஒருவருக்கு ஏறத்தாழ 900 பவுண், சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து. அறையில் தூங்க மட்டுமே போனோம், குறையொன்றும் தெரியவில்லை. பல்கணி எடுக்க வசதி இருந்தால், மேற்கே போகும்போது கப்பலின் இடப்பக்கம் கேளுங்கள். அது தெற்குப் பக்கம், வெயில் படும். கடல் பயணத்தில் தலை சுற்றுகிறவர்கள் கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தனியாகப் போகிறவர் இருவர் அறையை எடுத்தால் கிட்டத்தட்ட இரட்டைக் கட்டணம் வரும். ஒருவருக்கான அறைகள் 15 மட்டுமே உள்ளன, அவை முதலிலேயே போய்விடும்.

இதற்கு மேல் பணியாளருக்கான அன்பளிப்பென்று ஒருவருக்கு நாளொன்றுக்குப் பதினைந்து டொலருக்கு மேல் உங்கள் கணக்கில் ஏறும். இணையத்துக்குத் தனிக் காசு. நியூயோர்க்கிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டை மறந்துவிட வேண்டாம். அதை டோஹா அல்லது துபாய் வழியாக எடுங்கள். கனடா வழியாக மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்தால் அங்கே இடைத்தங்கல் வீசா கேட்பார்கள்.

5. காப்புறுதி

கப்பல் பயணத்தை உள்ளடக்கியது என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். நடுச் சமுத்திரத்துக்கு ஹெலிகொப்டர் வர முடியாது. கப்பலில் உள்ள மருத்துவர்தான் கதி, அவரைப் பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துவிட்டால் தேவைப்படும் நேரத்தில் அந்தக் காகிதத்தால் பயனில்லை.

6. பெட்டியில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, விளக்கு, மெழுகுதிரி எதையும் கொண்டுபோகாதீர்கள். கப்பலில் நெருப்பு என்பது விளையாட்டல்ல. சோறு சமைக்கும் மின்பானை, கேத்தல், ஸ்திரிப்பெட்டி எதற்கும் அனுமதி இல்லை. தேநீர் போடும் வசதி அறையிலேயே இருக்கிறது. துணி துவைக்கவும் ஸ்திரி போடவும் பொது அறைகள் உண்டு, கட்டணம் இல்லை. மனைவி சிறிய முருகன் படமும் திருநீற்றுப் பையும் கொண்டுவந்தார். அது போதுமாக இருந்தது.

உணவுப் பொருளில் மிகக் கவனம். அமெரிக்கக் கரையில் இறங்கும்போது பழம், கறிவேப்பிலை, அரிசி, இறைச்சி வகை எதுவும் கையில் இருக்கக் கூடாது. கடைப் பொதியில் பெயர் அச்சிட்ட கறித்தூளும், நன்றாக மூடிய பருத்தித்துறை வடையும் கொண்டுபோனோம். படிவத்தில் எழுதினோம், பார்த்துவிட்டு விட்டார்கள். எழுதாமல் ஒளிப்பதுதான் குற்றம்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கான உடை வேண்டும். ஏழு இரவில் இரண்டு இரவு கோலாகல விருந்து. ஆண்கள் கறுப்புக் கோட்டில் வருவார்கள். அதற்காகக் கோட் தைக்கக் கொடுத்து ஐம்பதாயிரம் செலவழிக்க வேண்டாம். தேசிய உடை பற்றி முன்கூட்டியே கேட்டு எழுதினோம், தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது. நான் பட்டு வேட்டியும் சால்வையும், மனைவி கூறைச்சேலை. நாற்பது வருடம் அலுமாரியில் இருந்த கூறை அந்த மண்டபத்து விளக்குகளின் கீழே பிரகாசித்ததை நான் மறக்கப் போவதில்லை.

ஜூன் மாதமென்றாலும் மேல்தட்டில் குளிர் காதைப் பிடிக்கும். காது மூடும் கம்பளித் தொப்பியும் காற்றுப் புகாத மேலங்கியும் கட்டாயம். மருந்துகளை மருந்துச் சீட்டோடும் அவற்றுக்குரிய பெட்டியோடும் கைப்பையில் வையுங்கள்.

7. ஏறும் நாள்

இலண்டன் வாட்டர்லூவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். சவுத்தாம்ப்டனில் கப்பல் தரிக்கும் முனையங்கள் பல உண்டு; எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்து வாடகைக் காரோட்டிக்குச் சொல்லுங்கள். பெரிய பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலையாகும். கடவுச்சீட்டையும் மருந்தையும் அதற்குள் போட்டுவிட்டுத் தவித்தவர்களைக் கண்ணால் கண்டோம்.

கைப்பேசியை விமான நிலைமைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் தொலைபேசி வலையமைப்பில் அது தானாகச் சேர்ந்தால் கட்டணப் பட்டியல் பயமுறுத்தும்.

8. கடலில்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலப் படகில் போவதற்குள் வாந்தி எடுப்பவர் என் மனைவி. இங்கே ஒரு தடவைகூட எடுக்கவில்லை. 345 மீற்றர் நீளக் கப்பல், அலையில் துள்ளாது. மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும். மூன்றாம் நாள் சற்று ஆடியது. அன்று இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, அடிவானத்தைப் பார்த்தபடி வெளியே இருந்தோம். அறைக்குள் படுத்தால்தான் தலைசுற்று கூடும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஏழாம் தட்டில் உள்ள ‘கிங்ஸ் கோர்ட்’ உணவுக்கூடத்தில் மதியம் சோறும் கறியும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று முதல் நாளே சொல்லிவைத்தோம். உறைப்பு மட்டும் நம் நாக்குக்குக் காணாது. இரண்டாம் நாள் இரவு கோவாவைச் சேர்ந்த பரிசாரகர் மனைவியின் தட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சைமிளகாயை வட்டம் வட்டமாக வெட்டி, எலுமிச்சம்புளி விட்டுக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து கடைசி இரவு வரை நாங்கள் கேளாமலே அந்தக் கிண்ணம் மேசையில் இருந்தது.

பிற்பகல் மூன்றரைக்குத் தேநீர் விருந்து. நேரத்தோடு போனால்தான் இடம். நூலகம் பெரியது, காலையில் ஆளில்லை. ஏழாம் தட்டை வெளியே சுற்றி நடக்கலாம். ஒரு சுற்று அரைக் கிலோமீற்றருக்கு மேல். விடிகாலையில் நடப்பவர்கள் நாலாம் நாளுக்குள் ஒருவருக்கொருவர் தலையசைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நண்பகல் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். கப்பல் தலைவர் நாம் நிற்கும் இடம், காற்று, கடலின் ஆழம் எல்லாம் சொல்வார். நாலாயிரம் மீற்றர் என்று அவர் சொன்ன அன்று என் கால் கூசியது. நம் பாக்கு நீரிணை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் அடங்கிவிடும்.

நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே வரும்போது மூடுபனி பிடித்தது. அங்கே வடக்கிலிருந்து வரும் லப்ரடோர்க் குளிர்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வளைகுடா வெந்நீரோட்டமும் சந்திக்கின்றன. பரீட்சைக்கு எத்தனையோ வருடம் நான் எழுதிப்போட்ட விடை அது. கைப்பிடிக் கம்பியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. கப்பலின் முன்முனைகூடத் தெரியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊதுகுழல் நீளமாக முழங்கியது. மனைவி போர்வையைப் போர்த்திக்கொண்டு சாய்நாற்காலியில் இருந்து, முழக்கத்துக்கு முழக்கம் ஒரு கந்தரநுபூதிப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பனி கிடைத்தால் உள்ளே ஓடிவிடாதீர்கள்.

9. இறங்குதல்

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுக்கும் உடை, செருப்பு, மருந்து, கடவுச்சீட்டு இவற்றை எடுத்துவைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். கணக்குச் சீட்டை அன்றிரவே வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் இரவிலேயே திருத்திக்கொள்ளலாம். காலையில் நீண்ட வரிசை.

விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து மேல்தட்டுக்குப் போய்விடுங்கள். நியூயோர்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் கீழே கப்பல் நுழையும்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீற்றர்தான் மிச்சம். இடித்துவிடும் என்றே தோன்றும். அதற்குப் பிறகு சுதந்திரச் சிலை இடப்பக்கம் வரும். இடப்பக்கக் கம்பியோரம் இடம் பிடிக்க வேண்டுமானால் பாலத்துக்கு முன்பே போய் நிற்க வேண்டும். தொப்பியையும் மேலங்கியையும் பெட்டியில் அனுப்பிவிட்டு வந்தவர்கள் பாலம் வரும் முன்பே உள்ளே போய்விட்டார்கள்.

இறங்குவது புரூக்ளின் ரெட் ஹூக்கில். கைவிரல் அடையாளமும் படமும் எடுத்து, எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். திரும்பும் விமான டிக்கெட்டையும் தங்குமிட முகவரியையும் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருங்கள். கைப்பேசி அப்போது வேலை செய்யாமல் போகலாம். அன்றைய திரும்பும் விமானத்தை மாலை ஆறு மணிக்கு முன்னர் எடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு இரவு நியூயோர்க்கில் தங்குங்கள். நிலத்தில் கால் வைத்த பிறகும் முதல் நாள் முழுக்கத் தரை மெல்ல அசைவதுபோல் இருக்கும். அது தானாகவே போய்விடும், மருந்து தேவையில்லை.